வேகக் கார், நீண்ட சாலை: நெல்லைப் பக்கம் மைலேஜ் கூட்டும் வழி

டர்போ பெட்ரோல் எஞ்சின், அகல டயர், பின்னால் பெரிய ரெக்கை. இப்படி ஒரு காரை வைத்துக்கொண்டு அடிக்கடி மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் போய்வந்தால் பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாது. உடனே பலரும் ஓடுவது எஞ்சின் கம்ப்யூட்டரின் பெட்ரோல் கணக்கை மாற்றி ‘மைலேஜ் மேப்’ போட்டுத் தருகிற டியூனிங் கடைக்கு. அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள். சீரான வேகத்தில் போகும்போது புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்கிறபடிதான் ஈசியூ என்கிற அந்தக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. அதில் மேப்பை மாற்றிப் பெரிதாக ஒன்றும் பிடிக்க முடியாது.

நான்குவழிச் சாலையில் பெட்ரோலைத் தின்பது காற்று. வேகம் 80-லிருந்து 100 ஆனால் காற்றின் எதிர்ப்பு 56 சதவீதம் கூடும். 120-க்குப் போனால் 80-ல் இருந்ததைப்போல இரண்டேகால் மடங்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்போம்.

1. முதலில் அளவெடுங்கள்

நெல்லை கே.டி.சி. நகர் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்புங்கள். கன் தானாக நின்றதும் போதும். ரவுண்டாக்குகிறேன் என்று பையன் மேலும் மேலும் அமுக்கினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மதுரை போய்த் திரும்பினால் சுமார் 320 கிலோமீட்டர். அதே பங்கில், அதே கன்னில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுங்கள். டேஷ்போர்டு காட்டுகிற எண் பெரும்பாலும் ஆசை காட்டும், அதை நம்ப வேண்டாம். ஒரு மாற்றத்துக்கு ஒரு பயணம். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது.

2. காற்றழுத்தம்

காலையில் வெயில் ஏறுமுன், வண்டியை எடுக்குமுன் பாருங்கள். நம்மூர் மதிய வெயிலில், ஓடிச் சூடான டயர் மூன்று நான்கு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) கூடுதலாகவே காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் குறைவாகத்தான் நிற்கும். கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியிலோ உள்ள ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கு என்று ஓர் அளவு இருக்கும். நெடும்பயணத்துக்கு அதையே வைக்கலாம்.

3. சக்கரமும் அலைன்மென்டும்

ஸ்பிரிங்கை மாற்றி உயரம் குறைத்த வண்டியா? டயரின் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். அங்கே மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் சக்கரம் நேராக உருளாமல் இழுபட்டுக்கொண்டு போகிறது. அலைன்மென்ட் கடையில், “அண்ணாச்சி, கம்பெனி அளவுக்கே வச்சிருங்க” என்று சொன்னால் போதும்.

அகல டயருக்குப் பதில் ஒல்லி டயர் போட்டாலும் மைலேஜ் கூடும். 225/45 ஆர்17 (225 மி.மீ. அகலம், 17 அங்குல வீல்) டயர் உள்ள வண்டிக்கு 205/55 ஆர்16 ஏறக்குறைய அதே உயரம். வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் குறைவு. ஸ்பீடோமீட்டர் பிசகாது. ஆனால் வேகக் கார்களின் முன் பிரேக் பெரியது, 16 அங்குல வீல் பிரேக்கைப் பிடிக்கும் காலிப்பரில் இடிக்கலாம். வாங்குமுன் மாட்டிப் பார்த்துவிடுங்கள். டயர் தாங்கும் சுமையையும் வேகத்தையும் சொல்லும் லோடு எண்ணும் ஸ்பீடு எழுத்தும் கம்பெனி சொன்னதற்குக் குறையக் கூடாது. அந்த அளவு உங்கள் மாடலுக்குக் கம்பெனியே கொடுத்ததா என்றும் பாருங்கள். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது, இன்சூரன்ஸ்காரரும் கேட்பார்.

4. காற்றுக்கு வழி விடுங்கள்

வெளியில் வாங்கி மாட்டிய உயர ரெக்கையையும் ரூஃப் கேரியரையும் கழற்றுங்கள். கம்பெனி கொடுத்த சின்ன ஸ்பாய்லர் இருக்கட்டும்.

அப்புறம் குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். எஞ்சினுக்குக் கீழே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் மூடி பல வண்டிகளில் இருக்காது. ஆயில் மாற்றும்போது கழற்றி, எங்கேயோ மூலையில் போட்டிருப்பார்கள். ஒரிஜினல் கிடைத்தால் அதுதான் சிறந்தது. கிடைக்காவிட்டால் மெல்லிய அலுமினிய ஷீட்டில் செய்யலாம். விளம்பரப் பலகைக்குப் போடும் சன்பேக் ஷீட் வேண்டாம், சைலன்சர் சூட்டில் உருகித் தீப்பிடிக்கும். ஷீட்டின் முன்விளிம்பு பம்பர் உதட்டுக்கு மேலே உள்ளடங்கி இருக்க வேண்டும். வெளியே நீட்டினால் காற்று கரண்டி மாதிரி அள்ளிப் பிய்த்துவிடும். ஆயில் நட்டுக்கு நேரே ஒரு துவாரமும், தண்ணீர் வடியச் சில ஓட்டைகளும் விடுங்கள்.

குளிர்நாட்டுக்காரர்கள் முன் கிரில்லை அடைத்து மைலேஜ் எடுப்பார்கள். கத்திரி வெயிலில் இங்கே அது வேண்டவே வேண்டாம். டர்போ வண்டிக்கு, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் பெரும்பாலும் முன்னால்தான் இருக்கிறது.

5. பெட்ரோல்

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் சக்தி குறைவு. பழைய மைலேஜோடு ஒப்பிடும்போது இதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

6. ஓட்டும்போது

இடது தடத்தில் 80, மேல் கியர், க்ரூஸ் கன்ட்ரோல். கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போடுங்கள். இந்த வேகத்தில் ஜன்னலைத் திறந்தாலும் பெரிய லாபமில்லை.

ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடி தாண்டினால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எதிரே வரும். அங்கே காற்றாலைகளை நட்டிருப்பதே அதற்காகத்தான். எதிர்க்காற்று 30 என்றால், 80-ல் போகிற வண்டிக்கு 110-ல் போகிற எதிர்ப்பு. அந்தப் பக்கம் 70-க்கு இறங்குங்கள். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், ஆனால் போகும்போது விட்டது முழுதாகத் திரும்பி வராது. அதனால் ஆடி மாதக் கணக்கை ஆடியோடும், தை மாதக் கணக்கைத் தையோடும் மட்டும் ஒப்பிடுங்கள்.