புளியந்தீவை நடந்து பார்ப்பதற்கு

மட்டக்களப்பின் பழைய நகரான புளியந்தீவு வாவி சூழ்ந்த சிறு தீவாதலால், வாகனத்தைப் பாலத்துக்கு அப்பால் நிறுத்திவிட்டு, வெயில் ஏறுமுன் கால்நடையாகவே சுற்றுவது உத்தமம். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையில் தொடங்குங்கள். இரு பக்கம் வாவியும் மறு இரு பக்கம் அகழியும் காத்த அதன் தடித்த மதிலருகே நின்று, பீரங்கிகள் ஏன் நீரை நோக்குகின்றன என்பதை நீங்களே ஊகிக்கலாம். நீண்டகாலம் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியும் இக்கோட்டைக்குள்ளேயே இயங்கியதால், எங்களூர் முதியவர்களுக்கு இது வரலாற்றுச் சின்னம் என்பதைவிட, காணிப் பத்திரத்தோடு காத்திருந்த இடமாகும்.

பின்னர் வாவிக்கரையில் மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் சிலையையும், அவர் 1814 இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியையும் பாருங்கள். வாவி நீருக்கடியிலிருந்து எழும் இசை போன்ற ஒலியான ‘பாடும் மீனை’க் கேட்க விரும்பினால், பூரணை இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் சென்று, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வையுங்கள்.