ரெடிமேட் கேமிங் பிசி வாங்கும் முன் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள்

பழைய கம்ப்யூட்டரை மாற்றிவிட்டு ரெடிமேட் கேமிங் பிசி வாங்குகிறீர்களா? பணம் கட்டும் முன், பக்கவாட்டு மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) மதர்போர்டுக்கு (எல்லாப் பாகமும் இணையும் முதன்மைப் பலகை) போகும் பெரிய பிளக்கைப் பாருங்கள். வரிசைக்கு 12 வீதம் இரண்டு வரிசை, மொத்தம் 24 பின் (இணைப்பு முனை) இருக்கிறதா? அப்படியென்றால் அது பல கம்பெனிகளும் பயன்படுத்தும் பொதுவான ஏடிஎக்ஸ் வகை, தைரியமாக மேலே பேசலாம்.

குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்று இரும்பையே விட்டுவைப்பதில்லை. கரண்டும் ஏறி இறங்கும். எஸ்எம்பிஎஸ் போனால், 24 பின் வகையை நாகர்கோவிலில் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கேட்டு வாங்கி மாட்டிவிடலாம். சில பிராண்டட் பெட்டிகளில் அந்தக் கம்பெனிக்கே உரிய சின்ன பிளக்கும் தனி மதர்போர்டும் இருக்கும். அதற்குப் பொருள் அவர்களிடமிருந்தே வர வேண்டும், விலையும் அவர்கள் சொல்வதுதான். பின்னால் பெரிய கிராபிக்ஸ் கார்டு போட ஆசைப்பட்டு, அதற்காக எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டி வந்தாலும் இதே சிக்கல்தான். பளபளக்கும் ஆர்ஜிபி விளக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

10 பின் பிளக்கைக் கண்டதும் ஒதுக்கிவிடவும் வேண்டாம். இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ்12விஓ என்ற பொதுத் தரத்திலும் 10 பின்தான்; இந்தத் தரமா, கம்பெனியின் சொந்த வகையா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். 24 பின் இருந்தாலும், பெட்டி ரொம்பச் சின்னதென்றால் சாதாரண அளவு எஸ்எம்பிஎஸ் உள்ளே நுழையாது. வாரண்டி முடிந்ததும் எதையும் மாற்றாமல் அப்படியே விற்றுவிடுபவர்களுக்கு இந்தச் சோதனை தேவையில்லை.