துணிக்கொடிக் கம்பம் சாயாமல் நிற்க

துணி காயப்போடும் கொடிக்கான என் கம்பம் சாய்ந்ததற்குக் காரணம் துணியின் எடை இல்லை, கொடியை விறைப்பாக இழுத்துக் கட்டியதுதான். 20 அடிக் கொடியின் நடுவில் 10 கிலோ ஈரத்துணி தொங்கி, கொடி அரை அடி மட்டும் தாழ்ந்தால், ஒவ்வொரு கம்பத்தையும் சுமார் 100 கிலோ அளவுக்கு உள்பக்கம் இழுக்கும். ஒரு அடி தாழவிட்டால் அது பாதியாகிவிடும்.

பழைய மெல்லிய குழாயைப் பிடுங்கிவிட்டு 8 அடி நீள, 2 அங்குல கனமான ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் நட்டேன். குழி 2 அடி ஆழம், ஒரு அடி சதுரம். அடியில் 3 அங்குலம் ஜல்லி. பைப்பின் முனை அதில் இறங்கியிருந்தால் உள்ளே சேரும் தண்ணீர் வடிந்துவிடும். மேலே 1:2:4 கான்கிரீட் (ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி). கம்பத்தின் தலை வெளிப்பக்கமாக ஓர் அங்குலம் சாய்ந்திருக்கட்டும். கான்கிரீட் மேற்பரப்பைச் சரிவாகப் பூசுங்கள், பைப் முதலில் துருப்பிடிப்பது மண்மட்டத்தில்தான். 7 நாள் தண்ணீர் ஊற்றிய பிறகே கொடி கட்டுங்கள்.