இதயத்தில் கட்டி: எக்கோ அறையிலிருந்து அறுவை மேசை வரை

மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேனில்) ஏட்ரியத்தில் (இதயத்தின் மேலறையில்) கட்டி என்று வந்தால், புற்றல்லாத மிக்ஸோமாதான் என்று முடிவுகட்டி அவசரமாக அறுவைக்கு அனுப்பாதீர்கள். இதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு புற்றல்லாத சாதாரணக் கட்டிதான். மீதி புற்றுக்கட்டி; அதில் பெரும்பாலானவை சார்கோமா என்ற இணைப்புத் திசுப் புற்று. அதை முழுதாக எடுக்க முதல் அறுவையைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. அரைகுறையாக எடுத்துவிட்டால், பிறகு தழும்புக்குள் கட்டியின் எல்லையைத் தேடுவது பெரும்பாடு.

எக்கோவில் முதலில் கட்டியின் அடியைப் பாருங்கள். மிக்ஸோமா பெரும்பாலும் இடது ஏட்ரியத்தில், நடுச்சுவரின் ஃபோசா ஓவாலிஸ் என்ற பள்ளத்தின் பக்கம் காம்போடு தொங்கும். அடி அகன்று சுவருக்குள் இறங்கியிருந்தாலோ நுரையீரல் சிரைக்குள் நீண்டிருந்தாலோ சந்தேகப்பட வேண்டும். வலது ஏட்ரியத்தில் கட்டி, பெரிகார்டியத்தில் (இதய உறையில்) இரத்தம் கலந்த நீர் என்றால் ஆஞ்சியோசார்கோமா (இரத்தக்குழாய்த் திசுவின் சார்கோமா) நினைவுக்கு வரட்டும். நம் பக்கத்தில் பெரிகார்டியத்தில் நீர் என்றதும் காசநோய் மாத்திரையைத் தொடங்கிவிடும் வழக்கம் இருக்கிறது. அதில்தான் மாதங்கள் வீணாகின்றன. நீரில் புற்றணு இல்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் நிம்மதியடையாதீர்கள். ஆஞ்சியோசார்கோமாவிலும் அது அடிக்கடி அப்படித்தான் வரும்.

அடுத்து கான்ட்ராஸ்ட் கொடுத்து இதய எம்ஆர்ஐ, ஈசிஜியோடு இணைத்த சிடி, உடல் முழுக்க பெட்-சிடி (புற்று எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் ஸ்கேன்). வேறு உறுப்பிலிருந்து இதயத்துக்குப் பரவும் புற்று பல மடங்கு அதிகம் என்பதால் பெட்டைத் தவிர்க்க முடியாது. வலப்பக்கக் கட்டியில், உணவுக்குழாய் வழி எக்கோவில் பார்த்துக்கொண்டே சிரை வழியாக பயாப்ஸி (சோதனைக்கான திசுத் துணுக்கு) எடுக்கலாம். இடப்பக்கம் கூடியவரை வேண்டாம். துணுக்கு உடைந்தால் மூளைக்குப் போகும். லிம்போமா (நிணநீர்ப் புற்று) என்று தெரிந்தால் கட்டியை வெட்டி எடுக்க வேண்டியதில்லை, கீமோதான் சிகிச்சை.

வலப்பக்க சார்கோமாவை டாக்ஸோரூபிசின், ஐபாஸ்ஃபமைட் என்ற கீமோ மருந்துகளைக் கொடுத்துச் சுருக்கிவிட்டு அறுப்பது நல்லது. டாக்ஸோரூபிசினே இதயத் தசையைக் கெடுக்கும். இடையிடையே எக்கோ எடுங்கள், மொத்த அளவு சதுர மீட்டருக்கு 450–550 மில்லிகிராமைத் தாண்ட விடாதீர்கள்.

அறுவையில் கட்டியைக் கையாளாமல் கானுலா (இதய-நுரையீரல் இயந்திரத்துக்கான குழாய்) போட வேண்டும். கீழ்ப்பெருஞ்சிரையின் வாய்வரை கட்டி வந்திருந்தால் தொடைச் சிரை வழியாகப் போடுங்கள். சுற்றிலும் சுமார் 1 செ.மீ. நல்ல திசுவோடு வெட்டி, ஓரங்களில் புற்று மிச்சமுண்டா என்று அறிய அவற்றை உடனே ஃப்ரோசன் செக்‌ஷனுக்கு அனுப்புங்கள். இதயத் தசைக்கு இரத்தம் தரும் வலது கரோனரித் தமனியும் சேர்ந்து போனால் பைபாஸ் வேண்டும். ஓட்டையை மாட்டுப் பெரிகார்டியத்தால் அடைக்கலாம். இடது ஏட்ரியத்தின் பின்சுவர் எட்டாவிட்டால், இதயத்தையே வெளியே எடுத்துக் கட்டியை நீக்கி மறுபடி பொருத்துவார்கள். அமெரிக்க இதய அறுவை நிபுணர் டென்டன் கூலி 1985-இல் தொடங்கிய முறை. அதோடு ஒரு நுரையீரலையும் எடுக்க நேர்ந்தால் உயிராபத்து மிக அதிகம்.

தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கோ வேலூருக்கோ அனுப்பும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. எக்கோ வீடியோ, எம்ஆர்ஐ படங்கள் உள்ள குறுந்தகடு, பயாப்ஸித் திசு பதித்த மெழுகு பிளாக் மூன்றையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.