வால்வு ஆம்ப் "ணங்" என்று ஒலிக்கிறதா? வால்வை மாற்றும் முன் இதைச் செய்யுங்கள்

வீட்டில் கட்டிய வால்வு (பழைய ரேடியோக்களில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்) கிட்டார் ஆம்பின் மேல் சும்மா ஒரு டம்ளரை வைத்தால் ஸ்பீக்கரில் "ணங்" என்று கேட்கும். வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றினால் அதே "ணங்" நிற்காமல் ஊளையாகிவிடும். மைக்ரோபோனிக் சத்தம் என்பது இதுதான். இது வந்ததும் எல்லோரும் புது வால்வுக்கு ஆர்டர் போடுகிறார்கள். வால்வு காரணமாக இருக்கலாம், ஆனால் வால்வைப் பிடித்திருக்கும் பேஸையும் (சாக்கெட்), ஸ்பீக்கர் அதிர்வை அதுவரைக்கும் கொண்டுவந்து சேர்க்கும் தகரத்தையும் (சேசிஸ்) பார்க்காமல் காசு செலவழிப்பது வீண்.

காரணம் எளிதுதான். வால்வுக்குள் கிரிட் என்பது மிக மெல்லிய கம்பிச் சுருள். எலக்ட்ரானை வெளியிடும் கேத்தோடுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி ரொம்பக் குறைவு. கம்பி அதிர்ந்தால் இடைவெளி மாறும், அதோடு வால்வில் ஓடும் கரண்ட்டும் மாறும், அந்த மாற்றம் சிக்னலாகவே வெளியே போகும். 12ஏஎக்ஸ்7 (இசிசி83 என்றாலும் அதேதான்) வழக்கமான வயரிங்கில் ஒரு நிலைக்குச் சுமார் 60 மடங்கு பெருக்கும். முதல் நிலையில் பிறந்த துளி அதிர்வு பின்னால் வரும் எல்லா நிலைகளிலும் பெருகிக்கொண்டே போகும். அதனால் நம் கவனம் முழுக்க இன்புட் பக்கத்து வால்வின் மேல்தான்.

ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வாக ஒரு 6வி6 அல்லது இஎல்84 வைத்த, ஃபெண்டர் சாம்ப் மாதிரியான சின்ன ஆம்பை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆம்ப் வேலை செய்கிறது, எர்த் ஒழுங்காக இருக்கிறது, 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் உறுமல் வேறு கதை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் போக முடியாது. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றில் இன்சுலேட் செய்த கிளிப் மாட்டி, கெப்பாசிட்டரின் பாசிட்டிவுக்கும் சேசிஸுக்கும் நடுவில் சில நொடிகள் பிடியுங்கள். மல்டிமீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்பை ஆன் செய்யவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

சத்தம் எங்கே பிறக்கிறது?

முதலில் கிட்டாரைக் கழற்றுங்கள். ஊளை நின்றுவிட்டால் பிரச்சினை கிட்டாரின் பிக்கப்பில் இருக்கிறது, இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அதைப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் வால்யூமை நடுவில் வைத்து, ஒரு பென்சிலின் ரப்பர் முனையால் வால்வுக் கண்ணாடியை லேசாகத் தட்டுங்கள். "டொக்" என்று மொட்டையாகக் கேட்டால் பரவாயில்லை, 12ஏஎக்ஸ்7 எதைத் தட்டினாலும் அந்த அளவுக்குக் கேட்கும். "ணங்ங்ங்" என்று இழுத்தால்தான் சிக்கல்.

இப்போது வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு மறுபடி தட்டுங்கள். சத்தம் மறைந்தால் அது வால்யூம் பாட் (வால்யூமைத் திருப்பும் ரெசிஸ்டர்) இருக்கும் இடத்துக்கு முன்னால் வரும் டிரையோடிலிருந்து, அதாவது 12ஏஎக்ஸ்7-இன் முதல் பாதியிலிருந்து வருகிறது. மறையவில்லையென்றால் இரண்டாவது பாதி அல்லது பவர் வால்வு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடு இருப்பதால் தட்டிப் பார்த்து மட்டும் இதைப் பிரிக்க முடியாது, பாட்தான் சொல்லும்.

அடுத்து சேசிஸின் உள்ளே, ஆம்ப் ஆனில் இருக்கும்போதே. இங்கே பென்சில் வேண்டாம். கிராஃபைட்டில் மின்சாரம் பாயும், ரப்பர் முனையைச் சுற்றி இருக்கும் தகரத்தில் இன்னும் நன்றாகப் பாயும். ஐஸ் குச்சி அல்லது காய்ந்த மூங்கில் குச்சி, இன்னொரு கை பேன்ட் பாக்கெட்டுக்குள். கப்ளிங் கெப்பாசிட்டர்கள், வால்வு பேஸுக்குப் போகும் வயர்கள், ஈயம் வைத்த இடங்கள் என்று ஒவ்வொன்றாகக் குச்சியால் தொடுங்கள். வட்டமான செராமிக் கெப்பாசிட்டர்களில் சிலவும் வால்வு மாதிரியே அதிரும், அப்படி இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்கள். "கரகர" என்று கேட்டால் அது மைக்ரோபோனிக் இல்லை, ஈயம் சரியாக ஒட்டவில்லை.

வால்வும் பேஸும்

பேஸை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பல்லிடுக்கு பிரஷ்ஷும் வைத்துத் துடையுங்கள். துரு நீக்கும் ஸ்பிரேயை இங்கே அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும், அந்த எண்ணெய்ப் படலத்தில் தூசு வந்து ஒட்டிக்கொள்ளும். வால்வை ஆட்டினால் லூசாக இருக்கிறதா? பவரை எடுத்து, டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, பின் நுழையும் தகட்டை ஊக்கு முனையால் உள்பக்கமாக மெதுவாக நெருக்குங்கள். வேகமாக நெம்பினால் தகடு உடையும்.

இதற்குப் பிறகும் இழுத்தால் வால்வை மாற்றிப் பாருங்கள். இரண்டு 12ஏஎக்ஸ்7 இருக்கும் ஆம்பாக இருந்தால் காசு செலவே இல்லை, இடம் மாற்றிப் போட்டால் போதும். முதலிடத்தில் ஊளையிடும் வால்வு இரண்டாமிடத்தில் சாதுவாக இருக்கும். பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிய பிஇஎல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) வால்வு கிடைத்தால் விடாதீர்கள், தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 5751 அல்லது 12ஏஒய்7 அதே பேஸில் அப்படியே உட்காரும். 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கக் காரணி (வயரிங்கில் கிடைக்கும் 60 அல்ல, வால்வின் உச்ச அளவு) 100 என்றால் இவற்றுக்கு முறையே 70, 44. சத்தம் குறையும், ஆம்பின் சூடான டோனும் கொஞ்சம் குறையும். எனக்கு 5751 பிடிக்கும்.

வால்வில் மாட்டும் ஓ-ரிங் பற்றி நிறைய பேசுகிறார்கள். கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். இராணிப்பேட்டைப் பக்கம் ஹைட்ராலிக் சாமான் விற்கும் கடைகளில் ஓ-ரிங் எளிதாகக் கிடைக்கும், ஆனால் பொதுவாகக் கொடுப்பது எண்ணெய்க்கான கருப்பு நைட்ரைல் ரகம். அது வால்வுச் சூட்டில் நாளடைவில் இறுகி வெடிக்கும். சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள், உள்விட்டம் 18 முதல் 20 மில்லிமீட்டர் வரை. ரப்பர் பேண்ட் போடவே போடாதீர்கள், வேலூர் கத்திரி வெயிலில் அது வால்வு இல்லாமலேயே உருகுகிறது.

பேஸை மிதக்கவிடுவது

இதுதான் நிஜமான வைத்தியம், பலருக்கும் பலிக்காமல் போவதும் இதே இடத்தில்தான். பேஸைச் சேசிஸில் நேராக முடுக்காமல் நடுவில் ரப்பர் புஷ் கொடுத்து நிறுத்த வேண்டும். இரண்டு ஸ்குரூ ஓட்டைகளையும் பெரிதாக்கிப் புஷ்ஷை மாட்டுங்கள். மேலும் கீழும் வாஷர், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பது). நட்டைக் கையில் இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து இறுக்கினால் ரப்பர் நசுங்கிக் கல்லாகிவிடும், புஷ்ஷே இல்லாதது மாதிரிதான். வாஷர் ரப்பரைத் தொட்டதும் அரைச் சுற்று போதும். சாதா நட் இந்த இறுக்கத்தில் கழன்று விழும் என்பதால்தான் நைலாக்.

பேஸ் உட்காரும் நடு ஓட்டை வழக்கமாக 22 மில்லிமீட்டர். அதையும் சுற்றிலும் ஓரிரு மில்லிமீட்டர் அரத்தால் ராவி அகலப்படுத்துங்கள். பேஸின் விளிம்பு ஒரே ஒரு இடத்தில் தகரத்தைத் தொட்டால்கூட அதிர்வு அந்த வழியாக ஏறிவிடும். மாட்டி முடித்ததும் ஒரு துண்டு செய்தித்தாளை விளிம்பைச் சுற்றி நுழைத்துப் பாருங்கள், எங்கேயும் சிக்கக் கூடாது.

எல்லாம் செய்தும் ஊளை அப்படியே இருக்கிறதா? வயரைப் பாருங்கள். அழகாக வளைத்த சிங்கிள் ஸ்ட்ராண்ட் வயர் ஒன்பது பின்னிலிருந்தும் டேக் போர்டுக்கு விறைப்பாகப் போனால், பேஸ் ரப்பரில் மிதப்பதாகத் தெரியுமே தவிர, வயர்கள் அதைச் சேசிஸோடு கட்டிப்போட்டிருக்கும். பேஸுக்குப் போகும் கடைசிச் சில சென்டிமீட்டரையாவது மெல்லிய மல்டி ஸ்ட்ராண்ட் வயராக மாற்றி, சின்ன வளைவு விட்டு ஈயம் வையுங்கள். சிலிக்கான் உறை வயர் இருந்தால் ரொம்ப நல்லது. ஹீட்டர் வயர் முறுக்கியே இருக்கட்டும், அதிலும் வளைவு விடுங்கள். முடிந்ததும் வால்வை விரலால் அசைத்தால் பேஸோடு சேர்ந்து மெத்தென்று ஆட வேண்டும்.

ஸ்பீக்கர் ஒரே பெட்டிக்குள் இருந்தால்

சேசிஸைப் பெட்டியிலிருந்து எடுத்து, நீளமான ஸ்பீக்கர் வயரோடு பக்கத்தில் ஒரு நாற்காலியில் வைத்து வாசித்துப் பாருங்கள் (வயர் மாற்றும்போது பவர் ஆஃப்). ஊளை நின்றால் சேசிஸுக்கும் பெட்டிக்கும் நடுவில் மெத்தை வேண்டும். நான் சிபாரிசு செய்வது எம்சிஆர் (மைக்ரோ செல்லுலர் ரப்பர்) ஷீட், சர்க்கரை நோயாளிகளுக்கான செருப்பில் போடுவார்களே, அதேதான். பழைய செருப்பை அறுத்து நான்கு மூலைக்கும் வைத்தாலும் போதும், பவர் வால்வுக்குக் கிட்டே மட்டும் வேண்டாம். ஆம்பூர் பக்கம் ஷூ வேலை செய்யும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கழிவுத் துண்டுகளே கிடைக்கும்.

இஎஃப்86 போட்டுக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் ஒரே பெட்டி யோசனையை விட்டுவிடுங்கள். வாக்ஸ் ஏசி15-இன் ஆரம்ப மாடல்களில் இருந்த வால்வு அது, டோன் அருமை, ஆனால் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தால் பாடாய்ப் படுத்தும். ஸ்பீக்கரைத் தனிப் பெட்டியில் வையுங்கள்.

பின்சேர்க்கை: பேஸை மிதக்கவிட்ட பிறகு உறுமல் கூடிவிட்டது என்று இருவர் எழுதியிருந்தார்கள். இருவருடையதும் தகர மூடி போட்ட பேஸ். முன்பு ஸ்குரூ வழியாக மூடிக்கு எர்த் கிடைத்தது, ரப்பர் வந்ததும் அது போய்விட்டது. மூடியின் அடித்தகட்டிலிருந்து சேசிஸுக்கு ஒரு மெல்லிய வயர் கொடுங்கள், அதுவும் வளைவோடு.

இன்னொன்று: வால்யூமைக் குறைத்தாலும் "ஜிர்ர்" என்ற சத்தம் போகவில்லை, ஸ்பீக்கர் மேல் காது வைத்தால் அதிலிருந்து வரவில்லை என்கிறீர்களா? அது மின்சாரச் சத்தமே இல்லை. பவர் வால்வின் உள்ளிருக்கும் தகடோ, பெட்டியின் பின்பலகை ஸ்குரூவோ நேராகவே அதிர்கிறது. முதலில் ஸ்குரூக்களை இறுக்குங்கள். அப்புறம் ஆஃப் செய்து, ஆறவிட்டு, பவர் வால்வை மாற்றிப் பாருங்கள்.