சிட்டியா, வெர்னாவா? செடான் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பத்துக்குப் புது செடான் என்று தேட ஆரம்பித்தால், ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, வோக்ஸ்வாகன் வெர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா என்ற நான்கில்தான் பெரும்பாலும் வந்து நிற்போம். நீளம், விலை, வசதி எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். குழப்பம் வருவது நியாயம். ஆனால் பெயரை வைத்தே ஒப்பிட்டுக்கொண்டிருப்பதுதான் முதல் தவறு. பணம் கட்டி நாம் எடுப்பது ஒரு குறிப்பிட்ட இன்ஜினும் கியர்பாக்ஸும் உள்ள ஒரு வேரியன்ட்டை.

வெர்னாவையே பாருங்கள். 2023-ல் வந்த மாடலில் சாதாரண 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினின் சக்தி 115 பிஎஸ், இழுவிசை 144 என்எம். அதே அளவு டர்போ இன்ஜின் 160 பிஎஸ், 253 என்எம். யூடியூபில் ஓட்டிக் காட்டுவது பெரும்பாலும் டர்போவை. பட்ஜெட் பார்த்து நாம் புக் செய்வது சாதாரண இன்ஜினை. வெர்ட்டஸிலும் இதே கதைதான்: மூன்று சிலிண்டர் 1.0 லிட்டர் ஒன்று, நான்கு சிலிண்டர் 1.5 லிட்டர் ஒன்று. ஒரே காருக்குள் இருக்கும் இந்த வித்தியாசம், இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே இருப்பதைவிடப் பெரியது.

இதற்கு நேர்மாறு வெர்ட்டஸும் ஸ்லாவியாவும். புனே பக்கம் சாக்கனில் ஒரே தொழிற்சாலை, ஒரே அடித்தளம், ஒரே இன்ஜின்கள். இந்த இரண்டுக்கு நடுவே மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு. எந்த சர்வீஸ் சென்டர் உங்கள் ஊருக்குப் பக்கம், யார் விலையைக் குறைக்கிறார் என்று பார்த்து முடித்துவிடலாம்.

அடுத்தது டெஸ்ட் டிரைவ். காலியான சாலையில் சேல்ஸ்மேனோடு பத்து நிமிடம் ஓட்டினால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, மாலை நேர நெரிசலில் மேம்பாலம் ஏறிப் பாருங்கள். சிட்டியின் சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) நெரிசலில் வழுக்கிக்கொண்டு போகும். அழுத்தி மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும். வெர்னா டர்போவோடு வரும் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் நெடுஞ்சாலையில் அருமை, ஊர்ந்து போகும்போது சில நேரம் தயங்கும். 1.0 லிட்டர் வெர்ட்டஸில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் இரண்டுக்கும் நடுவே.

ஓட்டிப் பார்த்தாயிற்றா? இப்போது பின் சீட்டுக்குப் போங்கள். அம்மாவையோ மாமனாரையோ உட்காரவைத்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். செடானில் சீட் தாழ்வு. முட்டி வலி உள்ளவர்கள் ஒரு நிமிடத்தில் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். உயரமானவர்களுக்கு வெர்னாவின் சரிந்த கூரை தலையில் இடிக்கலாம். நடு சீட்டில் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்காமல் 'ஐந்து பேர் கார்' என்று நம்பாதீர்கள்.

மைலேஜுக்காக ஹைபிரிட் சிட்டி எடுக்க நினைத்தால் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சாதாரண சிட்டியில் 506 லிட்டர். ஹைபிரிட்டில் பேட்டரி இடத்தை எடுத்துக்கொள்வதால் 306 லிட்டர்தான். குடும்பத்தோடு ஏர்போர்ட் போகும் நாளில் இது தெரியும்.

பாதுகாப்பு நட்சத்திரத்தையும் எண்ணிக்கையோடு விட்டுவிடக் கூடாது. வெர்னா, வெர்ட்டஸ், ஸ்லாவியா மூன்றுமே குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியவை. ஆனால் அறிக்கைக்குள் போனால், வெர்னாவின் உடல் கட்டமைப்பு நிலையற்றது (இன்னும் பலமான மோதலைத் தாங்காது) என்றும் மற்ற இரண்டும் நிலையானவை என்றும் இருக்கிறது.

சரி, விலை. விளம்பரத்தில் வருவது எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராதது. தமிழ்நாட்டில் 10 லட்சத்தைத் தாண்டிய காருக்குச் சாலை வரி 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். எக்ஸ்-ஷோரூமில் ஒரு லட்சம் கூடுதலான வேரியன்ட், கைக்கு வரும்போது ஒரு லட்சத்தோடு நிற்காது. அதனால் எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு கொட்டேஷனை வரிவரியாக எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸை ஷோரூமில்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியே விலை கேட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தால் அங்கேயும் குறையும். 'ஹேண்ட்லிங்', 'எசென்ஷியல் கிட்' என்று ஏதாவது இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். 10 லட்சத்துக்கு மேல் பிடிக்கப்படும் 1 சதவீத டிசிஎஸ் (டீலர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வரி) மட்டும் செலவுக் கணக்கு இல்லை, வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம்.

வருடக் கடைசியில் பெரிய தள்ளுபடி கிடைத்தால் தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்பே டீலர் வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டுக்குப் போய் வண்டியைப் பார்த்துவிடுங்கள், அதற்குப் பிறகு மாற்றித்தர மாட்டார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2325 என்றால் அந்த டயர் தயாரானது 2025-ன் 23-வது வாரம். ஸ்டெப்னியிலும் பாருங்கள்.