கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுத்துப் போனால்

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்தீர்கள். அதில் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் புதிதாக வந்திருக்கிறது. கம்பெனி லோகோ வந்தது. அப்புறம் ஒரே கறுப்பு, இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. சிலருக்கு டெஸ்க்டாப் வரும், ஆனால் எழுத்தெல்லாம் பூதாகாரமாக இருக்கும், இரண்டாவது மானிட்டர் கண்ணிலேயே படாது.

தயவுசெய்து ஃபார்மட் மட்டும் செய்துவிடாதீர்கள். என் அக்கா மகளின் லேப்டாப் இப்படி இருண்டபோது, ஒரு கடையில் "எல்லாம் போச்சு, புதுசா போடணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளுடைய கடைசி வருட ப்ராஜெக்ட் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. நான் போனில் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள், அரை மணி நேரத்தில் திரை திரும்பிவிட்டது. ஒரு கோப்புகூடப் போகவில்லை.

நீங்களும் இதைக் கைப்பேசியில்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். அதனால் கட்டளைகளை அன்று அவளுக்குச் சொன்னது போலவே சொல்கிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில் இருக்கட்டும்.

ஏன் இப்படி ஆகிறது?

திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்தான் டிரைவர். இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கான டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. என்விடியாவின் சொந்த டிரைவர் வெளியிலிருந்து வருவது. ஒவ்வொரு கெர்னலுக்கும் அதற்கென்று தனி மாட்யூல், அதாவது கெர்னலோடு இணையும் டிரைவர் துண்டு, வேண்டும். 6.11 கெர்னலுக்குச் செய்த மாட்யூல் 6.14-இல் ஏறாது. புதுக் கெர்னல் வந்ததும் டிகேஎம்எஸ் என்ற கருவி பின்னணியில் அதைக் கம்பைல் செய்து, அதாவது புதுக் கெர்னலுக்கு ஏற்ப உருவாக்கி, வைக்க வேண்டும். பெரும்பாலும் அந்த வேலை பாதியில் நின்றதால் வருவதுதான் கறுப்புத் திரை.

படி 1: பழைய கெர்னலில் நுழையுங்கள்

உபுண்டு பழைய கெர்னலை உடனே தூக்கிப் போட்டுவிடாது. கம்ப்யூட்டரை ஆன் செய்து, லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். பயாஸ் என்ற பழைய தொடக்க முறையில் இயங்கும் கம்ப்யூட்டர் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று கேட்கும் பட்டியல் வரும். அதற்குப் பதில் 'க்ரப்' (grub) என்று எழுதிய வெற்றுப் பக்கம் வந்தால் எஸ்கேப்பை அதிகம் தட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். பயப்பட ஒன்றுமில்லை. 'நார்மல்' (normal) என்று தட்டி என்டர் கொடுத்து, உடனே ஒரே ஒரு முறை எஸ்கேப் அழுத்துங்கள்.

பட்டியலில் இரண்டாவதாக 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' இருக்கும். அதற்குள் போனால் கெர்னல்கள் எண்ணோடு வரிசையாக நிற்கும். இந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், புதுக் கெர்னலின் முழு எண் பின்னால் தேவைப்படும். பிறகு 'ரெக்கவரி' என்று போடாத பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் டெஸ்க்டாப் பழையபடி வந்துவிடும்.

பழையதும் கறுப்பாகவே இருந்தால், அதே பட்டியலில் கெர்னல் வரியின் மேல் நின்று ஆங்கில 'இ' (e) எழுத்தை அழுத்துங்கள். 'லினக்ஸ்' (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' (nomodeset) என்று சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். திரை அவலட்சணமாகத்தான் இருக்கும், ஆனால் வேலைக்கு உதவும். இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான்.

படி 2: எங்கே அறுந்தது என்று பாருங்கள்

கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து 'டிகேஎம்எஸ்', இடைவெளி, 'ஸ்டேட்டஸ்' (dkms status) என்று தட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் என்விடியாவின் பதிப்பு எண், அடுத்து கெர்னல் எண், கடைசியில் 'இன்ஸ்டால்டு' என்று வரும். படம் எடுத்ததோடு ஒப்பிடுங்கள். அக்கா மகளின் லேப்டாப்பில் 6.11-க்கு ஒரு வரி இருந்தது, 6.14-க்கு வரியே இல்லை. விடுபட்ட அந்த ஒரு வரிதான் மொத்தப் பிரச்சினையும்.

படி 3: சரி செய்வது

வரி இல்லையென்றால் பெரும்பாலும் புதுக் கெர்னலின் ஹெட்டர் கோப்புகள், அதாவது மாட்யூலைக் கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள், வரவில்லை. 'சூடோ', 'ஆப்ட்', 'இன்ஸ்டால்', அப்புறம் 'லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-' (sudo apt install linux-headers-) என்று எழுதி, இடைவெளி விடாமல் புதுக் கெர்னலின் முழு எண்ணையும் 'ஜெனரிக்' (generic) வரை சேர்த்து என்டர் கொடுங்கள். ஹெட்டர் வந்ததும் டிகேஎம்எஸ் தானே வேலையைத் தொடங்கும். இடையில் சில நிமிடம் ஒன்றும் நகராதது போல இருக்கும். மூடிவிடாதீர்கள்.

ஸ்டேட்டஸில் எதுவுமே வராவிட்டால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் உபுண்டு தயாராகச் செய்து தரும் மாட்யூல். 'சூடோ', 'உபுண்டு-டிரைவர்ஸ்', 'இன்ஸ்டால்' (sudo ubuntu-drivers install) என்று கொடுத்தால் அதுவே பொருத்தமானதைத் தேடிப் போடும்.

வரி இருக்கிறது, 'இன்ஸ்டால்டு' என்றும் இருக்கிறது, ஆனாலும் புதுக் கெர்னலில் கறுப்புதானா? கம்ப்யூட்டர் தொடங்கும்போது மென்பொருளின் டிஜிட்டல் கையெழுத்தைச் சோதிக்கும் செக்யூர் பூட்டைச் சந்தேகியுங்கள். கையெழுத்து சரியில்லாத மாட்யூலை அது உள்ளே விடாது. 'சூடோ', இடைவெளி, 'அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி', இடைவெளி, இரண்டு மைனஸ் போட்டு 'என்ரோல்-கீ' (sudo update-secureboot-policy --enroll-key) என்று தட்டுங்கள். அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும் புதிய சாவி இருந்தால் ஒரு கடவுச்சொல் கேட்கும், எழுதி வையுங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை ஒன்று வரும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அது 10 விநாடிதான் காத்திருக்கும், அதற்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டிவிட வேண்டும். 'என்ரோல் மோக்' (Enroll MOK), 'கன்டினியூ', 'யெஸ்', கடவுச்சொல், 'ரீபூட்' என்று வரிசையாகப் போங்கள்.

மிகப் பழைய கார்டு என்றால் கதை வேறு. 390 வரிசை டிரைவருக்கு என்விடியா ஆதரவை 2022-உடன் நிறுத்திவிட்டது, புதுக் கெர்னலில் அது கம்பைல் ஆகாமல் நிற்பது சகஜம். 'அடிஷனல் டிரைவர்ஸ்' ஜன்னலில் 'நூவோ' என்ற திறமூல டிரைவருக்கு மாறிக்கொள்ளுங்கள். பெரிய கேம்கள் சரியாக ஓடாது, அன்றாட வேலைகள் நடக்கும்.

படி 4: புதுக் கெர்னலில் சோதனை

இந்த முறை எதையும் தொடாமல் பூட் ஆக விடுங்கள். டெர்மினலில் 'என்விடியா-எஸ்எம்ஐ' (nvidia-smi) தட்டினால் கட்டம் போட்ட அட்டவணையில் கார்டின் பெயரும் வெப்பநிலையும் தெரிய வேண்டும். 'ஃபெயில்டு' என்று வந்தால் படி 2-க்குத் திரும்புங்கள். அட்டவணை வந்துவிட்டாலும் ஒரு வாரத்துக்குப் பழைய கெர்னலை நீக்காதீர்கள். லேப்டாப்பை மூடித் திறக்கும்போதும், வெளி மானிட்டரைச் செருகும்போதும் திரை சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகு தேவையில்லாத பழையவற்றை நீக்கும் 'ஆட்டோரிமூவ்' (sudo apt autoremove) கொடுத்துக்கொள்ளலாம்.